கல்லில் எழுத்தா, நீர் மேல் எழுத்தா? கம்ப்யூட்டருக்குள் ஒரு செப்பேடு!

மதுரை மாநகரம். பாண்டியன் நெடுஞ்சடையன் பட்டத்துக்கு வந்து 3-வது ஆண்டு. இன்றைக்குச் சுமார் 1,250 ஆண்டுகளுக்கு முந்திய சங்கதி இது.

ராஜாவின் முன்னால் ஒருவர் வந்து ஓலமிட்டார். அவர் சொன்ன வழக்கு இதுதான்:

வேள்விக்குடி என்ற ஊரை, நெடுங்காலத்துக்கு முன்னே ஆண்ட முதுகுடுமிப் பெருவழுதி என்ற பாண்டிய மன்னன், கொற்கைகிழான் நற்கொற்றன் என்பவருக்குத் தானமாகக் கொடுத்தான். பல காலம் அந்தக் குடும்பம் அதை அனுபவித்தது. பிறகு களப்பிரர் படையெடுத்து வந்தார்கள். நாடு அவர்கள் கைக்குப் போயிற்று. ஊரும் பறிபோயிற்று. பின்னால் பாண்டியர் ஆட்சி திரும்பி வந்தது. ஆனால் ஊர் மட்டும் திரும்பி வரவில்லை!

ராஜா கோபிக்கவில்லை. "போ" என்று துரத்தவும் இல்லை. பழைய உரிமை உண்மைதான் என்று நாட்டாரைக் கொண்டு நிரூபிக்கும்படி சொன்னான். வந்தவர் நிரூபித்தார். முன்னோர் கொடுத்ததைத் தானும் கொடுத்ததாக அறிவித்து, ராஜா ஊரைத் திருப்பித் தந்தான்.

அத்தோடு விட்டானா? இல்லை. நடந்ததை எல்லாம் செம்புத் தகடுகளில் வெட்டச் சொன்னான். அதுதான் புகழ் பெற்ற வேள்விக்குடிச் செப்பேடு. பத்துத் தகடுகள். பாண்டியர் சரித்திரத்துக்கே அது பெரிய ஆதாரம்.

ஏன் செம்பில் வெட்டினான்? வாய்ச் சொல் மறந்து போகும். ஓலை செல்லரித்துப் போகும். செம்பில் வெட்டியது நிற்கும். யாரும் சுலபமாக மாற்றவும் முடியாது!

இந்தப் பழைய புத்திதான் இன்றைக்குக் கம்ப்யூட்டருக்குள்ளும் வேலை செய்கிறது. எப்படி?

வளையமும் முத்திரையும்

முதலில் செப்பேடு செய்கிற முறையைப் பார்ப்போம்.

செம்பைத் தகடாக அடித்து, எழுத்துக்களை உளியால் வெட்டுவார்கள். ஒவ்வொரு தகட்டிலும் ஒரு துளை இருக்கும். எல்லாத் துளைகளிலும் ஒரே வளையத்தைக் கோத்து, வளையத்தின் இரண்டு முனைகளையும் சேர்த்து, அதன் மேல் ராஜாவின் முத்திரையைப் பதிப்பார்கள்.

நாகப்பட்டினத்துப் புத்த விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்ற ஊரை ராஜராஜ சோழன் கொடுத்தான். அவன் மகன் ராஜேந்திரன் காலத்தில் அது செப்பேடாக வெட்டப்பட்டது. 21 தகடுகள். அவற்றைக் கோத்த வளையத்தில் ராஜேந்திரனின் முத்திரை இருக்கிறது.

நடுவில் ஒரு தகட்டை உருவ வேண்டுமா? புதிதாக ஒன்றைச் செருக வேண்டுமா? முத்திரையை உடைக்காமல் முடியாது. உடைத்தால் பார்த்தவுடனே தெரிந்து விடும்!

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். "இதை மாற்றாதீர்கள்" என்று புத்தி சொல்வது ஒன்று. மாற்ற முடியாதபடி பொருளையே செய்து வைப்பது வேறு ஒன்று. முன்னது வேண்டுகோள். பின்னது பூட்டு. ராஜாக்கள் வேண்டுகோளை மட்டும் நம்பவில்லை. பூட்டும் போட்டார்கள்.

மதுரைக்குப் பக்கத்தில் மாங்குளம் மலை இருக்கிறது. அங்கே சமண முனிவர்கள் தங்கிய குகைகளில் 2,000 ஆண்டுகளுக்கு மேல் பழமையான தமிழ் எழுத்துக்கள் இருக்கின்றன. நெடுஞ்செழியன் என்ற பெயரும் அதில் வருகிறது. 1882-ம் ஆண்டில் ராபர்ட் சீவெல் என்ற வெள்ளைக்காரர் அவற்றைக் கண்டு சொன்னார். எத்தனை மழை! எத்தனை வெயில்! எழுத்து இன்னும் இருக்கிறது. அதனால்தான் அழியாததை நாம் "கல்லில் எழுத்து" என்கிறோம். அழிவதை "நீர் மேல் எழுத்து" என்கிறோம்.

சரி, கம்ப்யூட்டரில் எழுதுகிற எழுத்து எந்த வகை? கல்லா? நீரா?

எழுதுகிறவர் ஒன்றும் செய்யாமல் விட்டால், பெரும்பாலும் அது நீர்தான்!

பூக்காரியின் ஆயிரம் ரூபாய்

மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குப் போவோம்.

மதுரை மல்லிக்கு 2013-ம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. பேருக்கு ஏற்ற மணம்! ஆனால் விலை ஒரு நிலையில் நிற்காது. விடியற்காலையில் ஒரு விலை. வெயில் ஏறினால் வேறு விலை. முகூர்த்த நாளில் விலை எங்கோ ஏறி நிற்கும்.

சுற்றுப்புறத்துக் கிராமத்திலிருந்து ஓர் அம்மாள் 5 கிலோ மல்லிகைப் பூவோடு வருகிறார் என்று வைத்துக் கொள்வோம். காலை 6 மணிக்குக் கிலோ 600 ரூபாய். கடைக்காரர் எடை போட்டுக் கம்ப்யூட்டரில் பதிகிறார். 5 கிலோவுக்கு 3,000 ரூபாய். பணம் மாலையில் வாங்கிக் கொள்ளலாம் என்று அம்மாள் போய் விடுகிறார்.

மதியம் விலை விழுகிறது. கிலோ 400 ரூபாய். கடைக்காரர் கம்ப்யூட்டரில் விலையை மாற்றுகிறார்.

மாலையில் அம்மாள் வருகிறார். கம்ப்யூட்டர் என்ன சொல்கிறது? 2,000 ரூபாய்!

"அண்ணே, காலையில அறுநூறுன்னுதானே சொன்னீங்க?"

"ஆமா ஆத்தா. நான் இல்லைங்கலை. ஆனா மிஷின் இப்படிக் காட்டுதே!"

யார் திருடியது? யாருமே திருடவில்லை. கடைக்காரர் நாணயமானவர். அம்மாள் சொல்வதும் நிஜம். கம்ப்யூட்டரும் சொன்னதைத்தான் செய்தது. பின் 1,000 ரூபாய் எங்கே போயிற்று?

ஒரே பெட்டி, இரண்டு சீட்டு

இந்த மர்மத்தின் முடிச்சு சின்னதுதான்.

இந்தக் காலத்துப் புரோகிராம்களில் பலவற்றை "பொருள்" "பொருளாக"ப் பிரித்து எழுதுகிறார்கள். ஆங்கிலத்தில் "ஆப்ஜெக்ட்" என்பார்கள். ஒரு பெட்டி என்று நினைத்துக் கொள்ளுங்கள். "விலை" என்று ஒரு பெட்டி. அதற்குள் பூவின் பெயர், கிலோவுக்கு எத்தனை ரூபாய் என்ற விவரம். "சீட்டு" என்று இன்னொரு பெட்டி. அதற்குள் எடை, கொண்டு வந்தவர், விலை.

இங்கேதான் சங்கதி இருக்கிறது. சீட்டுக்குள் விலையின் நகல் இருக்கிறது என்று நாம் நினைக்கிறோம். பல கம்ப்யூட்டர் மொழிகளில் அப்படி இல்லை. விலைப் பெட்டி எங்கே இருக்கிறதோ, அந்த விலாசம் மட்டும்தான் சீட்டில் இருக்கும்.

காலைச் சீட்டும் அதே விலாசம். மதியச் சீட்டும் அதே விலாசம். மதியம் ஒருவர் பெட்டியைத் திறந்து 600-ஐ அழித்து 400 என்று எழுதினார். அந்த விலாசத்தை நம்பி இருந்த சீட்டுக்கள் அத்தனையும் மாறி விட்டன!

ஒரு கிணற்றில் நாலு வீட்டுக்காரர்கள் தண்ணீர் எடுக்கிறார்கள். ஒருவர் உப்பைக் கொட்டினால் நாலு வீட்டுத் தண்ணீரும் கரிக்கும். அது போலத்தான் இதுவும்.

இது பெரிய தவறாக உடனே கண்ணுக்குத் தெரியாது. மாற்றியது ஓர் இடம். வலிப்பது வேறு இடம். காரணத்தைத் தேடுகிறவர் நாள் கணக்கில் அலைய வேண்டி வரும்.

மாற்றாதே, புதிது எழுது!

பரிகாரம் என்ன? வேள்விக்குடிப் பரிகாரம்தான்!

விலைப் பெட்டியை ஒரு முறைதான் எழுதலாம். எழுதியதும் மூடி முத்திரை வைத்து விட வேண்டும். விலை மாறினால் பழைய பெட்டியைத் தொடக் கூடாது. "கிலோ 400" என்று புதிய பெட்டி செய்ய வேண்டும். மதியச் சீட்டுக்களில் புதிய பெட்டியின் விலாசம் இருக்கும். காலைச் சீட்டு பழைய பெட்டியையே காட்டும். அம்மாளுக்கு 3,000 ரூபாய் பத்திரமாக இருக்கும்.

இது நமக்குப் புதிய விஷயமா? இல்லவே இல்லை. வீட்டுப் பத்திரத்தையே பாருங்கள்.

1908-ம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி ஒரு பத்திரம் பதிவாகி விட்டது. அதில் நாலு எல்லையில் ஒன்று தப்பாக எழுதப்பட்டிருக்கிறது. ரிஜிஸ்தர் ஆபீஸில் போய், "ஐயா, அந்த வரியை அடித்து இப்படி எழுதிக் கொள்ளுங்கள்" என்றால் நடக்குமா? நடக்காது. பிழைத் திருத்தல் பத்திரம் என்று வேறு ஒரு பத்திரம் எழுதி, அதையும் பதிவு செய்ய வேண்டும். பழையதும் இருக்கும். புதியதும் இருக்கும். வில்லங்கம் போட்டுப் பார்த்தால் என்ன நடந்தது என்ற வரிசை விளங்கும்.

அழித்து எழுத அனுமதித்தால் யாருடைய வீடு யாருக்குச் சொந்தம் என்பதே தெரியாமல் போய் விடும் அல்லவா?

ஜாவா கற்ற பாடம்

கம்ப்யூட்டர் மொழிகளில் "ஜாவா" என்று ஒன்று உண்டு. அமெரிக்காவில் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் கம்பெனியில் ஜேம்ஸ் காஸ்லிங் என்பவர் தலைமையில் உருவாகி, 1995-ம் ஆண்டில் வெளி உலகத்துக்கு வந்தது.

அதில் ஒரு காரியத்தைச் சரியாகச் செய்தார்கள். ஒன்றைத் தவறாகச் செய்து விட்டார்கள்.

சரியாகச் செய்தது என்ன? எழுத்துத் தொடர். "மதுரை" என்று ஒரு முறை எழுதி விட்டால் அந்தத் தொடர் மாறவே மாறாது. அதோடு "மல்லி"யைச் சேர்த்தால் "மதுரை மல்லி" என்று புதிய தொடர் பிறக்கும். பழைய "மதுரை" அப்படியே இருக்கும்.

இதில் காவல் நன்மையும் உண்டு. வாசலில் காவல்காரர் சீட்டில் உள்ள பெயரைப் பார்த்து ஓர் ஆளை உள்ளே விடுகிறார். உள்ளே போன பிறகு அந்தச் சீட்டில் பெயர் மாறி விட்டால்? காவலே வீண்! கம்ப்யூட்டரிலும் அப்படித்தான். எந்தப் பெயரைச் சோதித்தோமோ அதே பெயர் கடைசி வரை இருக்க வேண்டும்.

தவறாகச் செய்தது என்ன? தேதி! ஜாவாவின் பழைய தேதிப் பெட்டியை யார் வேண்டுமானாலும் திறந்து மாற்றலாம். கல்யாணத் தேதியை ஒரு புரோகிராமுக்குச் சொன்னால், அது திருப்பித் தருவதற்குள் தேதியையே மாற்றி விடலாம்! மாற்ற முடியாத புதிய தேதி வகையை ஜாவாவோடு சேர்ப்பதற்கு 2014-ம் ஆண்டு ஆயிற்று. இப்போது "மூன்று நாள் தள்ளி" என்று கேட்டால் புதிய தேதி ஒன்று கிடைக்கும். பழைய தேதி அசையாது.

ஐந்து பூட்டு

ஜோஷுவா பிளாக் என்ற நிபுணர் ஜாவா எழுதுகிறவர்களுக்காக 2001-ம் ஆண்டில் ஒரு புத்தகம் போட்டார். தகுந்த காரணம் இருந்தால் தவிர, பெட்டிகளை மாறாதவையாகவே செய்யுங்கள் என்பது அதில் அவர் தந்த யோசனை. அதற்கு ஐந்து வழிகளும் சொன்னார். எளிய தமிழில் சொன்னால் அவை இவைதான்:

ஒன்று: பெட்டியில் மாற்றுகிற கதவே வைக்காதே. பார்ப்பதற்கு ஜன்னல் போதும்.

இரண்டு: பெட்டியைப் போலவே வேஷம் போட்டு வருகிற போலிப் பெட்டியை யாரும் செய்ய இடம் கொடாதே.

மூன்று: உள்ளே இருக்கிற ஒவ்வொரு விவரத்தையும் ஒரே முறை எழுதும்படி வை. இதற்கு ஜாவாவில் "ஃபைனல்" என்ற சொல் உண்டு.

நான்கு: விவரங்களை வெளியார் கை படாத இடத்தில் வை.

ஐந்து: உள்ளே மாறக் கூடிய பண்டம் ஏதாவது இருந்தால், அதன் விலாசத்தை வெளியே கொடாதே. நகல் கொடு. வெளியே இருந்து வாங்கும்போதும் நகல் எடுத்தே வை.

இதை எல்லாம் ஒவ்வொரு பெட்டிக்கும் கையால் எழுதுவது பெரிய சள்ளை. மனிதர்கள் மறப்பார்கள். அதனால் மொழிகளே பூட்டோடு கூடிய பெட்டியைத் தயாராகச் செய்து கொடுக்க ஆரம்பித்தன. 2021-ம் ஆண்டில் ஜாவாவில் "ரெக்கார்டு" என்ற வகை நிலையாக வந்தது. ஒரே வரியில் எழுதலாம். முதல் நாலு பூட்டும் தாமாகவே விழுந்து விடும். "பைத்தான்" என்ற இன்னொரு மொழியில் 2018-ம் ஆண்டில் "ஃப்ரோஸன்" என்ற வசதி வந்தது. உறைந்து போனது என்று அர்த்தம்!

இரண்டுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. ஜாவாவில் பூட்டைத் திறக்கிற வரியை எழுதினால், புரோகிராம் ஓடுவதற்கு முன்பே "இது ஆகாது" என்று திருப்பி விடும். ரிஜிஸ்தர் ஆபீஸ் வாசலிலேயே தடுப்பது போல. பைத்தானில் பெரும்பாலும் ஓடும்போதுதான் தடுக்கும். கை வைத்த நிமிஷத்தில் மணி அடிப்பது போல.

பூட்டிய பெட்டிக்குள் திறந்த டப்பா

ஐந்தாவது பூட்டில்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

இரும்புப் பெட்டியைப் பூட்டியாயிற்று. உள்ளே மூடி இல்லாத ஒரு டப்பா. அந்த டப்பாவை இன்னொருவரும் கையில் பிடித்திருக்கிறார். பெட்டி பத்திரம் என்று சொல்ல முடியுமா?

சீட்டுக்குள் பூக்களின் பட்டியல் ஒன்று இருக்கிறது. சீட்டு மாறாது. ஆனால் பட்டியலில் ஒரு வரியைச் சேர்க்க முடிகிறது. பெயருக்குச் சீட்டு மாறவில்லை. விஷயம் மாறி விட்டது! ஜாவாவின் "ரெக்கார்டு" கூட இதைத் தானாகத் தடுக்காது. பட்டியலுக்கு மாறாத நகல் எடுத்து உள்ளே வைப்பது எழுதுகிறவரின் பொறுப்பு.

பழைய மெசபடோமியா நாட்டுக்காரர்களும் இதை யோசித்திருக்கிறார்கள். களிமண் பலகையில் ஒப்பந்தம் எழுதுவார்கள். அதைக் களிமண் உறைக்குள் வைத்து மூடுவார்கள். உறையின் மேலும் ஒப்பந்தத்தை எழுதி முத்திரை வைப்பார்கள். வெளியே யாராவது சுரண்டி மாற்றினால், உறையை உடைத்து உள்ளே இருப்பதைப் பார்க்கலாம். உறையும் காவல். உள்ளே இருப்பதும் காவல்!

எந்தப் பூட்டும் முழுப் பூட்டு அல்ல. பைத்தானில் "ஃப்ரோஸன்" பூட்டையும் சுற்றிக் கொண்டு போகக் குறுக்கு வழி உண்டு. செப்பேட்டு வளையத்தையும் அறுக்கலாம். ஆனால் கை தவறி நடப்பது நின்று விடும். வேண்டுமென்றே செய்கிறவன் பூட்டை உடைத்துத்தான் செய்ய வேண்டும். பூட்டின் பலன் அதுதான்.

எல்லாவற்றையும் பூட்டலாமா?

கூடாது! கடையில் எத்தனை கிலோ பூ மீதி இருக்கிறது? அது நிமிஷத்துக்கு நிமிஷம் மாறத்தான் வேண்டும். பாங்கியில் மீதிப் பணமும் அப்படியே.

ஆனால் "இன்ன நேரத்தில், இன்னாரிடம், இன்ன விலைக்கு, இத்தனை கிலோ வாங்கினேன்" என்பது நடந்து முடிந்த காரியம். நடந்ததை யாராலும் மாற்ற முடியாது. அதைச் சொல்கிற எழுத்து மட்டும் ஏன் மாற வேண்டும்? நடந்தது பூட்டில். மீதி கணக்கில். இப்படிப் பிரித்துக் கொண்டால் சண்டை இல்லை.

புதிது புதிதாகப் பெட்டி செய்தால் கம்ப்யூட்டரில் இடம் நிரம்பி விடாதா? நியாயமான கேள்விதான். ஜாவா, பைத்தான் போன்ற மொழிகளில், யாரும் விலாசம் வைத்திருக்காத பெட்டிகளைத் தாமாகவே பொறுக்கி எறிகிற ஏற்பாடு உண்டு. மிகப் பெரிய கணக்குகளில் கொஞ்சம் வேகம் குறையலாம். அங்கே மட்டும் யோசித்துச் செய்வார்கள்.

இன்னொரு லாபமும் உண்டு. கம்ப்யூட்டர் ஒரே சமயத்தில் பல வேலைகளைச் செய்கிறது. ஒருவர் படிக்கும்போது இன்னொருவர் திருத்தினால் பாதி பழசும் பாதி புதுசுமாகக் கண்ணில் படும். மாறாத பெட்டியில் அந்தப் பயம் இல்லை. சுவரில் ஒட்டிய நோட்டீஸை நூறு பேர் ஒன்றாக நின்று படிக்கலாம். யார் யாருக்கு இடைஞ்சல்?

செம்பு பேசியது

மதுரையைச் சுற்றி இலந்தைக்குளத்திலும் வடபழஞ்சியிலும் கம்ப்யூட்டர் தொழிலுக்கென்று அரசாங்கத்தின் எல்காட் நிறுவனம் கட்டடங்கள் எழுப்பியிருக்கிறது. நம் ஊர்ப் பிள்ளைகள் எத்தனையோ பேர் படித்து இந்த வேலைக்குப் போகிறார்கள். அவர்கள் எழுதுகிற ஒரு வரிதான் நாளைக்கு யாரோ ஒரு தாயாரின் பூக் கணக்கு. யாரோ ஒரு முதியவரின் பென்ஷன் கணக்கு. யாரோ ஒரு குழந்தையின் பிறந்த தேதி.

பூக்கார அம்மாளுக்கு ஜாவாவும் தெரியாது, பைத்தானும் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. காலையில் 600 என்று எழுதியது மாலையிலும் 600 என்று இருக்க வேண்டும். அவ்வளவுதான் அவர் கேட்பது.

வேள்விக்குடிக்காரர் நீதி கேட்டு ராஜா வரைக்கும் வர வேண்டியிருந்தது. நாட்டாரைச் சாட்சிக்குக் கொண்டு வர வேண்டியிருந்தது. நெடுஞ்சடையன் செம்பில் வெட்டிக் கொடுத்தான். அந்த ராஜா போய் விட்டான். அந்தச் சாட்சிகளும் போய் விட்டார்கள். செம்பு மட்டும் இன்றைக்கும் அதே சொல்லைச் சொல்லிக் கொண்டிருக்கிறது!